கண்ணில் படும் உண்ணி, சுவருக்குள் இருக்கும் கூட்டம்

வீட்டு நாயின் காது மடலுக்குள் பட்டாணி அளவுக்கு உப்பி, சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது, வயிறு நிறைய ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. பழுப்பு நாய் உண்ணி என்று வழங்கும் இந்த இனம், வெப்ப நாடுகளில் நாய் வாழும் இடமெல்லாம் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் உண்ணித் தொல்லை ஓயும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதற்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. மழைக்குப் பிறகு வரும் புழுக்க நாட்களில் அதன் பெருக்கம் இன்னும் கூடும்.

மற்ற உண்ணி இனங்கள் பெரும்பாலும் புல்லிலும் புதரிலும் காத்திருந்து, கடந்து போகும் விலங்கின் மேல் ஏறும். பழுப்பு நாய் உண்ணியோ வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து தானாகவே கழன்று விழும். பிறகு சுவரேறி, விரிசல், கதவு நிலையின் இடுக்கு, நாய்க்கூண்டின் கூரை, பழைய சாக்கு, அடுக்கிவைத்த செங்கல் என்று எங்காவது ஒதுங்கி முட்டையிடும். ஒரே ஈட்டில் நாலாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். சில வாரங்களில் முட்டைகளிலிருந்து ஆறு கால் கொண்ட நுண்ணிய இளம் உண்ணிகள் வெளிவரும். அவை நாயின் மேல் ஏறிச் சில நாட்கள் ரத்தம் குடித்துவிட்டு இறங்கும், மறைவிடத்தில் தோலுரித்து எட்டுக் கால் உண்ணியாகும், மீண்டும் ஏறும், மீண்டும் இறங்கித் தோலுரிக்கும், முழு வளர்ச்சி பெற்று மூன்றாவது முறையாக ஏறும். நல்ல வெப்பமும் நாயும் கிடைத்தால் இந்தச் சுற்று இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி பட்டினியாகவே பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், இடுக்கில் உயிரோடு காத்திருக்கும்.

ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் நாயின் உடலில் இருப்பது அந்த வீட்டு உண்ணிக் கூட்டத்தில் சிறு பங்குதான். பலரும் செய்வது, நாயைக் குளிப்பாட்டி, இருக்கும் உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. பத்து நாளில் அதே காதில் அதே அளவு உண்ணி தெரியும். மருந்து சரியில்லை, ஷாம்பு சரியில்லை என்று அவற்றை மாற்றிக்கொண்டே போவார்கள். அவர்கள் கொன்ற உண்ணி செத்தது உண்மை. இப்போது ஏறியிருப்பது சுவரிலிருந்து வந்த அடுத்த அணி.

உண்ணியை ஒழிக்க மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். நாயின் உடலில் விடுபடாமல் மருந்து இருக்க வேண்டும்; அப்போதுதான் இடுக்கிலிருந்து ஏறும் ஒவ்வொரு உண்ணியும் ரத்தம் குடித்து முட்டையிடுவதற்கு முன் சாகும். அதே காலத்தில் வீட்டையும் கவனிக்க வேண்டும். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போடுவது, கூண்டைச் சுற்றிய விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைப்பது, செங்கல், ஓடு, தேங்காய் மட்டைக் குவியல்களைக் கூண்டுக்கு அருகில் வைக்காமலிருப்பது, சோபாவின் அடியையும் திரைச்சீலையின் மடிப்பையும் பார்ப்பது ஆகியவை சேர்ந்தால்தான் மருந்துக்கு முழுப் பலன். கூட்டம் பெருகிவிட்ட வீட்டில் பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைத்து மருந்தடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் பயன்படுத்தும் மருந்துகளில் பல, பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. அவை பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. தரை முற்றிலும் காயும்வரை பூனை உள்ளே வரக்கூடாது. மீன் தொட்டியை மூடி, அதன் காற்றுக் குழாயையும் நிறுத்திவைக்க வேண்டும்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க, முனை கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுத்தால் போதும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் நாய்க்குப் புண்ணைத்தான் தரும். எரிச்சலுற்ற உண்ணி தன் உமிழ்நீரைக் கடிவாய்க்குள் கக்கவும் கூடும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல், சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுக் கொல்வது நல்லது. பிறகு கை கழுவ வேண்டும்.

ரத்தத்தில் நுழையும் நோய்கள்

உண்ணி குடிக்கும் ரத்தத்தைவிட, அது நாயின் ரத்தத்தில் விட்டுச்செல்லும் கிருமிகளே உயிரை வாங்குகின்றன. மருத்துவமனைகளில் டிக் ஃபீவர் என்ற ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் பல நோய்கள்.

இவற்றில் முதலாவது எர்லிகியா. 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட இந்த பாக்டீரியா ரத்த வெள்ளணுக்களில் குடியேறும். காய்ச்சல், சோர்வு, தீனியில் விருப்பமின்மை என்று தொடங்கி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நலமான நாயின் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 2 லட்சமோ அதற்கு மேலோ இருக்க வேண்டிய தட்டணுக்கள் சில ஆயிரங்களுக்கு இறங்கும்போது மூக்கில் ரத்தம் வடியும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் இந்த நோயால் பெருந்தொகையில் மடிந்தன. ஜெர்மன் ஷெப்பர்டு இனம் இதைத் தாங்காது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை இதற்கு நல்ல மருந்து. ஆனால் 28 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு நாய் வாலாட்டத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கிருமி எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்து மிகக் கடுமையான வடிவில் திரும்பி வரும்.

இரண்டாவது பாபேசியா, சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். இதன் வரலாற்றில் சென்னைக்கு இடமுண்டு. வேட்டைக்கென வெள்ளையர்கள் வளர்த்த மெட்ராஸ் ஹண்ட் கூட்டத்து நாய்களின் ரத்தத்திலும், பிறகு நரியின் ரத்தத்திலும் ஒரு புதிய நுண்ணுயிரைப் பேட்டன் என்ற ஆய்வாளர் கண்டு 1910இல் அறிவித்தார். பாபேசியா கிப்சோனி என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படுவது அதுதான். மற்ற பாபேசியா இனங்களைவிட இதைக் குணப்படுத்துவது கடினம். மருந்தின் விலையும் அதிகம். நாய்கள் ஒன்றையொன்று கடிப்பதாலும், பரிசோதிக்காமல் ஏற்றப்படும் ரத்தத்தாலும்கூட இது பரவும்.

மூன்றாவதான ஹெப்பட்டோசூன் பரவும் வழி வேறு. உண்ணி கடிப்பதால் இது வராது. நாய் தன் உடலில் இருக்கும் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வரும். இதையும் 1905இல் இந்திய நாய்களில்தான் முதலில் விவரித்தார்கள். உண்ணியை அரித்து அரித்துக் கடிக்கும் நாய் அதை ஒழித்துக்கொள்வதாக நினைத்து விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எர்லிகியா, உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் போய்விடும். பாபேசியா நுழையப் பொதுவாக இரண்டு நாளாவது ஆகும். தினமும் மாலையில் காது, கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்த்து எடுக்கும் பழக்கம் இரண்டாவதைத் தடுக்கும். முதலாவதற்கு மருந்துக் காப்பு மட்டுமே வழி. வெறும் சோர்வுக்காக நாயைக் கொண்டுபோனாலும், அண்மையில் உண்ணி இருந்தது என்றால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ரத்த ஸ்மியரும் தட்டணு எண்ணிக்கையும் பார்க்க அந்த ஒரு தகவல் போதும். தமிழகச் செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும் மனித நோய் வேறு. அது புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியால் பரவுவது. நாய் உண்ணி அரிதாகத்தான் மனிதரைக் கடிக்கும் என்றாலும், அதுவும் ஒருவகைக் காய்ச்சலைப் பரப்பக்கூடியது.

தெள்ளுப்பூச்சியும் சொறியும்

தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணியின் கணக்குதான், கூட்டத்தில் பெரும்பங்கு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்; வேகம் மட்டும் இன்னும் அதிகம். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது. பூனையோ நாயோ நடக்கும் இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கம்பளத்தின் அடியிலும் தரை இடுக்கிலும் ஒளிந்து, தாய்ப்பூச்சி கழித்த காய்ந்த ரத்தத் துகளைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டை எந்தப் பூச்சி மருந்தும் எளிதில் துளைக்காது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நடந்ததும் காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான்: காலடி அதிர்வும் உடல் வெப்பமும் மூச்சுக் காற்றும் பட்டதும் கூட்டை உடைத்துக்கொண்டு அவை வெளிவரும்.

தெள்ளு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாலின் அடியை வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போட வேண்டும். செம்பழுப்பாகக் கறை படர்ந்தால் அது தெள்ளின் கழிவு. பூனை தன்னை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடுவதால், பூச்சியையே காணாத வீட்டிலும் இந்தக் கறை தெரியும். நாய்க்கு இடுப்புக்குப் பின்னே வாலடியில் முடி கொட்டி, தோல் சிவந்து, ஓயாமல் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளு ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு சில கடியே போதும். பால்குடிப் பூனைக்குட்டிகளில் தெள்ளு மொய்த்தால் ரத்தசோகையால் குட்டி செத்தே போகும்; பெரியவற்றுக்கான மருந்தை அவற்றுக்குப் போட முடியாததால், அன்றாடம் சீப்பால் வாரி எடுப்பதும், தாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுப்பதும், படுக்கையை மாற்றுவதும்தான் வழி.

வீட்டில் ஒரு விலங்குக்கு மட்டும் மருந்து போட்டால் தெள்ளு ஒழியாது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து போட வேண்டும். தெள்ளுப் புழு வறண்ட வெப்பத்தைத் தாங்காது என்பதால், பாயையும் படுக்கையையும் மொட்டை மாடி வெயிலில் காயப்போடும் பழைய வழக்கம் இங்கே நல்ல ஆயுதம்.

சொறி என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு நோய்கள் அடங்கியிருப்பதால் சிகிச்சையில் குழப்பம் நேர்கிறது. தோலைத் துளைத்துச் செல்லும் சார்காப்டிஸ் சிற்றுண்ணி தரும் சொறியில் காது ஓரமும் முழங்கையும் முதலில் பொருக்குத் தட்டும். நமைச்சல் தாங்க முடியாததாக இருக்கும். மற்ற நாய்களுக்குத் தொற்றும். வளர்ப்பவர் கையிலும் சில நாள் தடிப்பு வரும். டெமோடெக்ஸ் சிற்றுண்ணியோ பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, கிட்டத்தட்ட எல்லா நாய்களின் மயிர்க்கால்களிலும் தொல்லையின்றி வாழ்வது. நோய் எதிர்ப்புக் குறையும்போது மட்டும் பெருகி, கண்ணைச் சுற்றியும் பாதத்திலும் முடி கொட்டச் செய்யும். இது பிறருக்குத் தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பூனைக்குத் தலையிலும் காது விளிம்பிலும் தடித்த பொருக்காக வருவது வேறோர் இனம். பூனைக் காதுக்குள் காப்பித்தூள் நிற அழுக்கு நிறைந்திருந்தால் அது காதுச் சிற்றுண்ணி. பஞ்சுக் குச்சியால் குடைவது அதை இன்னும் உள்ளே தள்ளும்.

குட்டிகளின் வயிறு

நாய்க்குட்டி பிறக்கும்போதே வயிற்றுப் புழுவோடு பிறக்கிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. உருண்டைப்புழுவின் இளம் வடிவங்கள் தாய் நாயின் தசையில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தாய் கருவுற்று ஆறு வாரம் ஆகும்போது அவை விழித்துத் தொப்புள்கொடி வழியாகக் குட்டிக்குள் போகும். தாய்க்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்திருந்தாலும் தசையில் உறங்கும் புழுவுக்கு அது எட்டாது. குட்டிக்கு மூன்று வாரம் ஆகும்போதே அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். வயிறு பானையாக உப்பி, முதுகெலும்பு தெரிய, ரோமம் மங்கிய குட்டியைப் பார்த்துக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று மகிழ்வது பெருந்தவறு.

கொக்கிப்புழு இன்னும் கொடியது. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய், குடல் சுவரைக் கடித்து ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு புழுவும் நாளொன்றுக்கு உறிஞ்சுவது துளி அளவுதான் என்றாலும், நூறு புழு சேர்ந்தால் ஒரு கிலோகூட எடையில்லாத குட்டி தாங்காது. தார் போன்ற கருமலம், வெளுத்த ஈறு, குளிர்ந்த உடல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் குட்டி இருக்காது.

இதனால் நாய்க்குட்டிக்கு முதல் குடற்புழு மருந்தை இரண்டு வார வயதிலேயே தொடங்கி, நான்கு, ஆறு, எட்டு வாரங்களில் திரும்பக் கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை. பூனையின் உருண்டைப்புழு கருவில் பரவாது, பாலில்தான் பரவும். ஆகையால் பூனைக்குட்டிக்கு மூன்று வாரத்தில் தொடங்கலாம். பாலூட்டும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். வளர்ந்தவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது குறைந்தபட்ச அளவு. தடுப்பூசி போடும் நாளில்தான் முதல் புழு மருந்து என்று காத்திருக்கும் வழக்கம் குட்டிகளின் உயிரோடு விளையாடுவது.

வாலடியிலோ படுக்கையிலோ வெள்ளரி விதை அளவில் வெள்ளைத் துண்டுகள் நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது. பிராசிகுவாண்டல் மருந்து புழுவைக் கொன்றுவிடும். தெள்ளு ஒழியாத வீட்டில் அடுத்த மாதமே புழு திரும்பிவரும். எலி பிடிக்கும் பூனைக்கு வேறொரு நாடாப்புழுவும், பல்லி தின்னும் பூனைக்குக் கல்லீரலின் பித்தக் குழாயில் தங்கும் தட்டைப்புழுவும் வருவதுண்டு. சாண வண்டைத் தின்னும் நாய்க்கு உணவுக்குழாயில் கட்டியை உண்டாக்கும் ஸ்பைரோசெர்கா புழு உண்டு. இந்தப் புழுவின் இளம் வடிவம் பல்லியிலும் கோழியிலும்கூடத் தங்கியிருக்கும் என்பதால், கோழிக் கழிவைப் பச்சையாகப் போடுவது அதற்கு வாசல் திறப்பதாகும். விழுங்கிய சோற்றை உடனே கக்கும், மெலிந்துகொண்டே போகும் நாய்க்கு இதைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படுவது எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு. ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருப்பது, அந்த உறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழுவாகும். நாய்க்கு அதனால் எந்தத் தொல்லையும் தெரியாது. அதன் மலத்தில் வரும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி ஆண்டுக்கணக்கில் வளர்ந்து அறுவை சிகிச்சையில் போய் முடியும். கசாப்புக் கடையில் ஒதுக்கப்படும் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடுபவர்கள் நன்றாக வேகவைத்தே போட வேண்டும். கடைக்காரர் அந்தக் கழிவைத் தெரு நாய்க்கு எறியாமல் புதைப்பதும் அதே அளவு முக்கியம்.

கொசுவும் இந்தப் பட்டியலில் உண்டு. நாயின் இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் ஓரடி நீளம் வரை வளரும் இதயப்புழு, கொசுக் கடியால் பரவுவது. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம் காணப்படுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருப்பது அதன் உறவான, தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ். நாய்க்கு அது பெரும்பாலும் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் கொசு வழியாக மனிதர் கண்ணின் மேல்படலத்துக்குக் கீழும் அது வந்து நெளிந்ததைக் கேரளத்திலும் இலங்கையிலும் கண் மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள்.

பூனைக்கு ஆகாதவை

பூனையைச் சிறிய நாயாக நினைப்பது மருந்து விஷயத்தில் உயிரைப் பறிக்கும் பிழை. பெர்மெத்ரின் நாய்க்குப் பாதுகாப்பான உண்ணி மருந்து. பூனையின் கல்லீரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனையின் கழுத்தில் விட்டால், சில மணி நேரத்தில் தசை துடிக்கும், வாயில் நுரை தள்ளும், வலிப்பு வரும். அப்படி நேர்ந்துவிட்டால் உடனே பாத்திரம் துலக்கும் திரவ சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியில் சுற்றி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு. மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும்.

நாய்களைக் குளிப்பாட்டப் பயன்படும் அமிட்ராஸ் கரைசலும் பூனைக்கு ஆகாது. தரை துடைக்கும் கருப்பு ஃபினாயிலும் அப்படியே. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்குவதாலேயே பூனை நஞ்சுக்குள்ளாகும். வேப்பெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் உடல் முழுக்கப் பூசுவது நாய், பூனை இரண்டுக்கும் தவறு. வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் கொடுமை கிராமங்களில் இன்னும் நடக்கிறது. உண்ணியோடு நாயும் சாகும். அதை ஊற்றியவருக்கும் அது நஞ்சு.

ஐவர்மெக்டின் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜப்பானில் எடுக்கப்பட்ட மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த இந்த மருந்துக்காக சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தின் பெருமைக்குக் குறைவில்லை, சிக்கல் அளவில்தான். இதயப்புழுத் தடுப்புக்கு நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோ கிராம் போதும். பத்துக் கிலோ நாய்க்கு 60. மாட்டுக்கென விற்கும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்குள் 10,000 மைக்ரோ கிராம் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிக் கண்ணளவில் போடுபவர்கள் இந்த இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும். கோலி, ஷெட்லாண்டு ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் பலவற்றுக்கு, மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் காக்கும் மரபணு பழுதாகியிருக்கும். சொறிக்குப் போடும் வழக்கமான அளவே அவற்றைக் கோமாவில் தள்ளும்.

சொந்தக் கையால் ஊசி போடும் தேவையே இன்று குறைந்துவிட்டது. ஐசாக்ஸசோலின் வகை மெல்லும் மாத்திரைகள் 2013-14 முதல் சந்தைக்கு வந்த பின், நாயின் உண்ணி, தெள்ளு, இரண்டு வகைச் சொறி எல்லாமே பெரிதும் கட்டுப்படுகின்றன. இவற்றில் சிலவற்றை மாதம் ஒருமுறையும், ஃபுளூரலானர் என்பதைச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ள நாய்க்கு இவற்றைக் கொடுக்கும் முன் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்தது. விலை கூடுதல் என்பது உண்மைதான். எர்லிகியா வந்த நாய்க்கு ஆகும் ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ரத்தம் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போடுபவர்கள், ரோமத்தை விலக்கி, நக்க முடியாத பிடரித் தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. அந்த மருந்து முயலுக்கு நஞ்சு என்பதை முயலும் வளர்க்கும் வீடுகள் மறக்கக் கூடாது.

எந்த மருந்தானாலும் எடை தெரியாமல் கொடுக்கக் கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் எடை தெரிந்துவிடும்.

வீட்டாரும் தெருவும்

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் காப்பு இரட்டிப்புக் கடமையாகிறது. நாயின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடையும். அதன் பின் ஆண்டுக்கணக்கில் அழியாது. அந்த மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் ஈரலிலும், அரிதாகக் கண்ணிலும், புழு அலையும். அன்றாடம் மலத்தை அள்ளிவிட்டால் முட்டை முதிர வாய்ப்பே இல்லை. கொக்கிப்புழு அவ்வளவு காலம் காத்திருக்காது. ஒரு வாரத்துக்குள் ஈரமண்ணில் தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து, நெளிந்து நெளிந்து செல்லும் சிவந்த தடத்தை உண்டாக்கும். சிலோன் பெயரையே தாங்கிய ஆன்கைலோஸ்டோமா சிலானிகம் என்னும் கொக்கிப்புழு, தெற்காசிய நாய்களிலிருந்து மனிதக் குடலுக்கே வந்து முழுப் புழுவாக வளரக்கூடியது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்திவிடச் சொல்வது தேவையற்ற கொடுமை. டாக்சோபிளாஸ்மா கிருமியைப் பூனை பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, சில வாரங்கள் மட்டுமே மலத்தில் வெளியிடும். வெளிவந்த கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். மலத்தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்வது, பூனைக்குப் பச்சை இறைச்சி போடாமலிருப்பது, கர்ப்பிணி அரைவேக்காட்டு இறைச்சியைத் தவிர்ப்பது, மண்ணைத் தொட்டபின் கை கழுவுவது என்ற நான்கும் போதும்.

வீட்டு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு வாசலில் படுக்கும் தெரு நாயை மறந்தால், வாசல் வழியாகவே உண்ணி திரும்ப வரும். தெரு நாய்களுக்குச் சோறிடுபவர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். எடையைத் தோராயமாகக் கணித்து மருத்துவர் சொல்லும் மெல்லும் மாத்திரையை இறைச்சித் துண்டுக்குள் வைத்து, அந்த நாய் விழுங்குவதை நின்று பார்த்துவிட்டு வந்தால், முடியெல்லாம் கொட்டிக் கல்லாய் இறுகிய தோலோடு திரிந்த சொறிநாய்க்கு ஓரிரு மாதத்தில் ரோமம் முளைக்கும். சொறிநாய் என்று கல்லெறியப்படும் பெரும்பாலான நாய்களின் நோய் குணப்படக்கூடியதே. கருத்தடைக்காகப் பிடிக்கப்படும் நாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசியோடு குடற்புழு, உண்ணி மருந்தும் சேர்த்துக் கொடுக்க உள்ளாட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்தால், தெரு நாய்க்கும் அதே தெருவில் விளையாடும் குழந்தைக்கும் ஒரே செலவில் காப்பு கிடைக்கும். உள்ளாட்சிகள் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.